மரமே இல்லாத மக்குவாரி



டாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே, தெற்கே 54 டிகிரி அட்சரேகையில் மக்குவாரி என்றொரு சின்னத் தீவு. வடக்கே ஏறக்குறைய அதே தொலைவில் மாஸ்கோ. மாஸ்கோவில் ஜனவரியில் பனி மூடிக்கிடக்கும். ஜூலையில் வெயில் காயும். மக்குவாரியிலோ கோடைச் சராசரி சுமார் 7 டிகிரி, குளிர்காலத்தில் சுமார் 3 டிகிரி. வித்தியாசம் அவ்வளவுதான்!

காரணம் கடல். நிலம் சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆறிவிடும். தண்ணீர் லேசில் சூடேறாது, லேசில் ஆறவும் ஆறாது. தென் அரைக்கோளத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல்தானே! அதிலும் இந்த அட்சரேகையில் தென் அமெரிக்காவின் நுனியைத் தவிரப் பெரிய நிலமே கிடையாது. மேற்குக் காற்று தடையில்லாமல் உலகையே சுற்றிவருகிறது.

அதனால் மக்குவாரியில் வருஷத்தில் 300 நாளுக்கு மேல் மழையோ பனியோ விழும். மரம் வளரும் அளவுக்குக் கோடை சூடாவதே இல்லை. சரிவெங்கும் கொத்துக் கொத்தாகப் புல், அதன் நடுவே பெங்குவின் கூட்டம். எனக்கு வியப்பே அந்தக் கூட்டம்தான். அதில் ராயல் பெங்குவின் என்ற இனம் குஞ்சு பொரிப்பது, உலகிலேயே இந்தத் தீவிலும் இதை ஒட்டிய குட்டித் தீவுகளிலும் மட்டும்தான்.