வாயில்லா உயிரும் நம் அணுவிரதமும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டிப் புதுச்சேரி, கதிர்காமத்தில் நிகழ்த்திய உரை)



பகவானின் திருநாளில் தெருநாயைப் பற்றிப் பேசலாமா என்று எவரும் எண்ணவேண்டா. திருத்தக்கதேவர் நமக்கு அருளிய சீவக சிந்தாமணியில், உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் துறக்கும் நாயொன்றின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னாளில் சீவகனின் உயிரையே காக்கிறது. யசோதர காவியத்திலோ, மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட வினையால் அரசனின் தாய் ஒரு பிறவியில் நாயாகப் பிறக்கிறாள். நாயின் உடம்பிலும் நம்மையொத்த உயிர் வாழ்கிறது என்பதைத் தமிழ்ச் சமணர்க்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது என் பிழையொன்றை. சில ஆண்டுகளுக்கு முன், வழுதாவூர்ச் சாலையில் வண்டியில் அடிபட்டுக் கிடந்த பெண் குட்டியொன்றை என் வீட்டார் எடுத்து வந்து தேற்றினோம். கால் குணமானதும், கிராமத்திலிருந்த உறவினர் ஒருவர் விரும்பிக் கேட்க, மகிழ்ந்து கொடுத்தோம். கருத்தடை அறுவையைப் பின்னர்ச் செய்துகொள்வதாக அவர் சொன்னார், நானும் தலையசைத்தேன். ஓராண்டுக்குள் அது ஏழு குட்டிகளை ஈன்றது. இரண்டைக் கேட்டவர்கள் கொண்டுபோயினர். மற்ற ஐந்தையும் யாரோ சாக்கிலிட்டு ஏரிக்கரையில் விட்டுவிட்டனர். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுதான் உயிரோடிருந்தது. உறவினரை நொந்து பயனில்லை. ஓர் உயிரைக் காத்தேன் என்று மகிழ்ந்த நான், நான்கு உயிர்கள் மாளக் காரணமானேன்.

ஆகவே, மீட்ட நாயைத் தத்துக் கொடுக்கும் முன்பே கருத்தடை செய்துவிடவேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். வாக்குறுதி மறந்துபோகும், செய்து முடித்த செயல் மறந்துபோவதில்லை. நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். ஆண்டுக்கு இருமுறை கூட ஈனக்கூடும். ஒவ்வோர் ஈற்றிலும் நான்கைந்து குட்டிகள் பிறந்தால், அத்தனைக்கும் வீடு தேட எவரால் இயலும்?

இங்கே நம் பெரியோர் ஒரு தடை எழுப்புவர்; அது எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை ஆசாரியர்கள் கூறியுள்ளனர்: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் மறுத்தல். எருதுக்கு விதையடித்தல் முதலிய தொழில்களையும் சாவகர்க்கு நூல்கள் விலக்கியுள்ளன. நாயைப் பிடித்துக் கட்டி, இரவு உணவை நிறுத்தி, உறுப்பை அறுப்பது இவற்றுள் மூன்றில் படாதோ என்று கேட்பர்.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்கிறது. பிரமாதமாவது கவனமின்மையும் கோபம், பேராசை முதலிய கசாயங்களும். எருதை உழைப்புக்கும் இலாபத்துக்கும் வசப்படுத்த உறுப்பறுப்பது ஒன்று. பிறந்து மடியவிருக்கும் உயிர்களின் துன்பத்தைத் தடுக்க, மயக்க மருந்து கொடுத்து, மருத்துவர் கையால் அறுவை செய்வது வேறொன்று. காய்ச்சலுற்ற மகனுக்கு ஒருவேளை உணவை நிறுத்தும் தாய் அதிசாரம் செய்தவளாகாள்.

எனினும், இதில் இம்சை சிறிதுமில்லை என்று நான் சாதிக்கமாட்டேன். அறுவையும் புண்ணும் வலியும் உண்டு. இல்லறத்தார் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்கக் கடமைப்பட்டவர். இல்வாழ்வில் தவிர்க்க இயலாத ஆரம்ப இம்சையைக் குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். ஏரிக்கரைச் சாக்கையும் மருத்துவர் மேசையையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் எது குறைவு என்பது விளங்கும்.

ஓர் எல்லையை மட்டும் நாம் கடக்கலாகாது. சினையுற்ற நாய்க்கு இவ்வறுவையைச் செய்தால் கருவிலுள்ள ஐயறிவுயிர்கள் மாளும். அத்தகைய நாயை ஈனவிட்டு, குட்டிகள் பால் மறந்தபின் அறுவை செய்வதே நமக்குரிய நெறி. சினையுறும் முன்பே செய்துவிட்டால் இச்சங்கடமே எழாது.

இவ்வழி பயன் தருமா என்று ஐயுறுவோர் சென்னையைப் பார்க்கவேண்டும். அங்கே நெடுங்காலம் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொல்லக் கொல்லவும் தொகை குறையவில்லை. கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1960களிலிருந்தே கொலைக்கு மாற்றாகக் கருத்தடையையும் தடுப்பூசியையும் வற்புறுத்தியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆயிற்று. பின்னர் 2001இல் நடுவணரசு விதிகளாக இயற்றியதும், 2023இல் திருத்தி வெளியிட்டதும் இந்நெறியைத்தான். 2025 ஆகஸ்டு 22இல் உச்ச நீதிமன்றமும், வெறிநோயோ மூர்க்கமோ இல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று ஆணையிட்டது. கொல்லாமை நடைமுறைக்கு ஒவ்வாது என்று நகைத்த நகரங்களே இறுதியில் கொல்லா வழிக்கு வந்தன என்பது நாம் எண்ணி மகிழத் தக்கது.

அறுவையைப் பற்றியும் சில சொற்கள். பெண் நாய்க்குச் சூலகமும் கருப்பையும், ஆண் நாய்க்கு விதைகளும் நீக்கப்படும். முன்னிரவு உணவு கொடுக்கலாகாது. அறுவைக்குப்பின் தையலை நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை அணிவித்து, ஈரமற்ற இடத்தில் பத்து நாள் பேணவேண்டும். பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டும் கொடிய நோய் இதனால் தவிர்கிறது. முதற்பருவத்துக்கு முன் செய்தால் மடிக்கட்டியும் அரிதாகிறது. வெறிநோய்த் தடுப்பூசியையும் தவறாது போடவேண்டும். மனிதரைத் தாக்கும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களால் வருவதே. தெருநாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு இடுவதும், அதே நாயை மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்காதிருக்கவே.

நம் ஊருக்கு அண்மையில் குரும்பாப்பேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆகவே, அறிவுரைக்கு அலையவேண்டியதில்லை. குறைவது பொருளும் துணிவும்தான். உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களில் மருந்தும் அபயமும் இவ்வொன்றில் அடங்குகின்றன. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் அறக்கட்டளைக்கு வழங்குவோர், ஆண்டுக்கு ஒரு நாயின் அறுவைச் செலவை ஏற்றுக்கொள்ளலாகாதா? நம் இல்லங்களிலிருந்து தத்துச் செல்லும் நாய் எதுவும் கருத்தடையின்றிச் செல்லாது என்றும், மிகச் சிறிய குட்டியாயின் மருத்துவர் குறிக்கும் வயதில் நாமே அழைத்துச்சென்று செய்விப்போம் என்றும் இவ்விழாவில் உறுதி பூணுவோம்.

ஏரிக்கரையில் எஞ்சிய அந்த ஒரு குட்டி இன்று என் வீட்டு வாயிலில் படுத்திருக்கிறது. அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது. அதைக் காணுந்தோறும் மற்ற நான்கும் என் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய நினைவு உங்களில் எவர்க்கும் வாராதிருக்கவே இவ்வளவும் சொன்னேன்.

வாழ்க அறம்! வளர்க கொல்லாமை! ஜெய ஜினேந்திரா!