உரைத்துப் பார்த்து உண்மை அறிவோம்



எங்கள் தோட்டப் பள்ளி மாணவன் ஒருவன், ஆற்றோரம் கண்டெடுத்த மஞ்சள் கல்லைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்தான். "ஐயா, தங்கம்! அப்பாவின் கடன் தீர்ந்துவிடும்" என்றான். பகாங் மாநிலத்து ரவூப்பில் தங்கம் வெட்டி எடுத்த வரலாற்றை அவன் பாடத்தில் படித்திருந்தான்.

நாங்கள் உடனே மறுக்கவில்லை. பத்தர் நகையை உரைகல்லில் உரைப்பதில்லையா? அதுபோல, பீங்கான் ஓட்டின் மெருகிடாத பின்புறத்தில் அக்கல்லைத் தேய்த்தோம். தங்கமானால் கீற்று மஞ்சளாக விழும். விழுந்ததோ பசுமை கலந்த கருநிறம்.

அடுத்து, கத்தியால் கீறினோம். ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812-ஆம் ஆண்டில் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் தங்கம் 3-க்கு மேற்படாது. கத்தி எளிதில் கீறிவிடும். எங்கள் கத்தியோ, சுமார் 5½ கடினமுடையது, கல்லில் பதியவே இல்லை. ஆகவே அது தங்கமன்று. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். அதன் கடினம் 6-க்குக் குறையாது.

பையனின் முகம் வாடியது. எங்களுக்கும் மனம் கனத்தது. மறுநாள் அவன் வேறு மூன்று கற்களோடு வந்தான். இம்முறை எங்களைக் கேட்கவில்லை. ஓட்டை எடுத்துத் தானே உரைத்தான்.

மாணவர்களே, நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். உரைத்துப் பாருங்கள், கீறிப் பாருங்கள்.