ஓட்டின் முதுகில் ஒரு கோடு

கனிமவியல் கற்பித்தவன் என்பதால் உறையூரில் என்னைத் தேடிக் கல்லோடு வருபவர்கள் உண்டு. பலவும் கோலார் தங்கவயல் கற்கள். அங்கே வேலை பார்த்த தாத்தாக்கள் கொண்டுவந்தவை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடிவிட்டார்கள். ஆகவே இருக்கிற கல்லைத்தான் நாம் சரியாகப் படிக்க வேண்டும்.

ஓர் அம்மா மஞ்சளாக மின்னும் கல்லை நீட்டினார். "மாமனார் கொண்டாந்தது. தங்கந்தானே சார்?" தரை ஓட்டைத் திருப்பி, பளபளப்பில்லாத முதுகில் உரசச் சொன்னேன். தங்கமென்றால் மஞ்சள் கோடு விழும். விழுந்தது பச்சை கலந்த கறுப்பு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்! நீங்களும் உரசிப் பாருங்கள். மேனி நிறம் ஏமாற்றும், பொடியின் நிறம் அவ்வளவாக ஏமாற்றாது. இன்னும் சந்தேகமா? ஊசியால் அழுத்துங்கள். தங்கம் குழிந்து கொடுக்கும், பைரைட் பொடிந்து தெறிக்கும்.

"அப்ப தூக்கிப் போட்டுடவா?" என்றார். ஐயோ, வேண்டாம்! பைரைட்டுக்கு அடியில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), அதை ஒட்டிக் கரும்பச்சைப் பாறை. கோலாரில் தங்கம் குடியிருந்த இடமே அப்படிப்பட்டதுதான். கூட இருக்கும் கனிமங்களையும் எழுதினால்தான் கல்லின் விவரிப்பு முழுமையாகும்.

இன்னொருவர் கொண்டுவந்தது வெறும் வெள்ளைக் கல். கையில் வாங்கியதும் கனத்தது. வெங்கச்சங்கல் நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்; இது ஆறு மடங்கு இருக்கும். இருட்டறையில் குறுஅலைப் புறஊதா விளக்கைக் காட்டினேன், நீலவெள்ளையாக ஒளிர்ந்தது! டங்ஸ்டன் தரும் ஷீலைட். அன்று அந்த அறையை விட்டு வெளியே வரவே எனக்கு மனமில்லை.

ஓர் எச்சரிக்கை: வெள்ளிபோல் மின்னுவது ஆர்சனோபைரைட்டாக இருக்கலாம், அதில் ஆர்சனிக் உண்டு. அடுப்பில் சுடாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள். கைவிட்ட சுரங்கத்துக்குள் கல் தேடி இறங்கவே கூடாது.

நிறம், பளபளப்பு, பொடி, கடினம், கனம், கூட இருப்பவை: முதலில் இவற்றை எழுதுங்கள், பெயர் கடைசியில். எந்தச் சுரங்கம், எத்தனையாவது மட்டம் என்பதைக் கல் சொல்லாது, பெரியவர்கள்தான் சொல்வார்கள். இந்த வாரமே கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வைப்பீர்கள் என்று நம்புகிறேன்.