குறைவிலையும் குமுகப் பயனும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் சீமைக்கருவேலம். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாறு. கண்மாய் நிறைந்தால் சோறு. நிறையாவிட்டால் கரிமூட்டம், அல்லது திருப்பூருக்கும் சென்னைக்கும் வண்டியேற்றம். இத்தகைய மண்ணில் அரசு ஒரு சாலை போடுமாயின், அதனால் இரு பயன்கள் விளைதல் வேண்டும். ஒன்று சாலை, மற்றொன்று, அதைப் போடுங்கால் ஊரார் கைக்கு வந்து சேரும் கூலி. இரண்டாவது பயனைப் பெரும்பாலும் எவரும் கணக்கிடுவதில்லை. குறைத்துக் கேட்டவர்க்கே பணி. அவர் எங்கிருந்தோ பொறிகளையும் ஆள்களையும் கொண்டுவந்து, வேலையை முடித்துச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார். வந்த ஏழைத் தொழிலாளிமேல் பழியில்லை. அவனும் தன் ஊரில் பிழைக்க வழியின்றி வந்தவனே. பழியெல்லாம் விலையொன்றையே பார்க்கும் கணக்கின்மேல்தான்.

‘சட்டம் அப்படி’ என்பர் அலுவலர். அச்சட்டத்தை முழுதும் படித்துவிட்டன்றோ அவர்கள் பேச வேண்டும்! தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதன் 10-ஆம் பிரிவு குறைந்த புள்ளியை ஏற்கச் சொல்வது மெய்தான். ஆனால் எது குறைந்தது என்பதை, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறித்த, அளவிடத்தக்க கூறுகளைக் கொண்டும் அவற்றுக்குரிய எடைகளைக் கொண்டும் காண வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். அந்த ‘எடை’ உறங்கிக் கிடக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கெனவே 2012-இல் ஒரு சட்டம் செய்தனர். 2021 முதல் அந்நாட்டு நடுவண் துறைகளின் பெரிய ஒப்பந்தங்களில் குறைந்தது 10 விழுக்காடு எடை குமுகப் பயனுக்கு உண்டு. இந்திய நடுவணரசும் தன் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்கப் பணித்துள்ளது.

தமிழகத்துக்கு இது புதிதா? 1983-இல் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டத்தில் அரசு துணியை மட்டுமா வாங்கியது? கைத்தறியாளர்க்கும் விசைத்தறியாளர்க்கும் வேலையையும் சேர்த்தன்றோ வாங்கியது! தறியோசை கேட்டு வளர்ந்த அருப்புக்கோட்டைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017-இல் மீண்டும் உயிர்பெற்ற குடிமரமத்தும் அத்தகையதே. கண்மாய்ப் பணி ஆயக்கட்டு உழவரிடமே வந்தது. அவர்களும் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அளித்தனர். (‘மரமத்து’ வேற்றுச்சொல், செயலோ இந்நாட்டுப் பழஞ்செயல்.)

இனி, பணி கேட்டு வரும் நிறுவனம் தன் பயனை எவ்வாறு மெய்ப்பிப்பது? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை வழங்கிய ஒளிப்படத்தைக் காட்டுவது மெய்ப்பாகாது. பெருநிறுவனங்கள் தம் மூவாண்டு நிகர வருவாய்ச் சராசரியில் 2 விழுக்காட்டைக் குமுகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டுமென்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. கட்டளைக்கு அடங்கியதைக் கொடையென்று காட்டி மதிப்பெண் கேட்பது எங்ஙனம் பொருந்தும்? இந்தப் பணியால், இந்த ஊரில், எத்தனை பேர்க்கு, எத்தனை நாள், எவ்வளவு கூலி? ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் பொறியோட்டப் பழகுவர்? இவற்றை எண்ணால் எழுதட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. விலைக்கு 90, குமுகப் பயனுக்கு 10 என்று எடை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 100 உரூபா கேட்கிறார். ஊருக்கு அவர் தருவது சிறிது. விலைக்கு 90, பயனுக்கு 2, ஆக 92. மற்றவர் 103 கேட்கிறார். விலைக்கு 87-க்குச் சற்று மேல், பயனுக்கு 8, ஆக 95-க்கும் மேல். மூன்று உரூபா கூடக் கேட்டவரே வெல்கிறார். அந்த மூன்றைவிட மிகுதியாக ஊரில் தங்குமாயின் அது வீண்செலவன்று.

இதில் கள்ளமும் நுழையும். வேண்டியவர்க்குப் பணி தரவே ‘பயன்’ என்று எழுதிக்கொள்வோர் இல்லாமலா போவர்? ஆதலின் எடையை முன்னரே அறிவித்தாக வேண்டும். சொன்ன எண் ஒப்பந்தத்திலேயே ஏறவேண்டும். கூலி வங்கிக் கணக்கில் சேரவேண்டும். குறைந்தால் அந்த அளவுக்குத் தொகையை நிறுத்தவேண்டும். எத்தனை பேர்க்கு எத்தனை நாள் கூலி கிடைத்தது என்னும் கணக்கை, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் ஊரவையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். திருச்சுழி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், யார் வேலை செய்தார், யார் செய்யவில்லை என்பது அங்கு உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்குத் தெரியும்.