அயல்நாட்டு முத்திரை

சென்னை மீனம்பாக்கத்தில் நள்ளிரவில் ஓர் ஆகாய விமானம் வந்து இறங்குகிறது. அது வளைகுடா நாடு ஒன்றில் பதிவு செய்யப்பட்டது. ஓட்டி வந்தவர் அயல்நாட்டார். அவரிடம் உள்ள உரிமத்தை நம் அரசாங்கம் அளிக்கவில்லை. நம் மருத்துவர் எவரும் அவர் கண்ணையும் காதையும் சோதித்ததில்லை. நம் தேர்வாளர் எவரும் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஆயினும் நம் ஓடுபாதை அவருக்குத் திறந்திருக்கிறது. அவரை நம்பி இருநூறு முந்நூறு பேர் நிம்மதியாக உறங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அதே இரவில் அதே நிலையத்திலிருந்து மற்றொரு விமானம் வளைகுடாவை நோக்கிப் புறப்படுகிறது. அதில் நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகள் நாக்பூர் வரையிலும் அதற்கு அப்பாலும் வண்டி ஓட்டியவர். மலைச்சாலையும் மழையும் அறிந்தவர். துபாயில் வேலைக்குச் சேர்ந்ததும், “உம்முடைய லைசென்ஸ் இங்கே செல்லாது. புதிதாகப் பாடம் கேட்டு, தேர்வு கொடுத்து, ஓட்டிக் காட்டும்” என்று சொல்லிவிடுகிறார்கள். அவருக்கு மனம் நோகத்தானே செய்யும்?

நேயர்களே, முந்நூறு உயிர்களை வானத்தில் தாங்கிச் செல்பவரின் உரிமம் கடல் கடந்தும் செல்லுகிறது. தரையில் லாரி ஓட்டுபவரின் உரிமம் கடல் கடந்தால் செல்லாமற் போகிறது. இந்த வேற்றுமை எதனால் வந்தது? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

உரிமம் என்பது என்ன என்பதை முதலில் தெளிவு செய்துகொள்ள வேண்டும். பழைய நாளில் ஊர்த் தச்சருக்கும் வைத்தியருக்கும் அத்தாட்சிப் பத்திரம் வேண்டியிருக்கவில்லை. அவர் செய்த வேலையை ஊரே பார்த்திருந்தது. அறியாத ஊருக்குப் போகும்போதுதான், நம்மை அறிந்த ஒருவர் கொடுக்கும் கடிதம் தேவைப்படுகிறது. உரிமமும் அத்தகைய கடிதமே. “இவரை நான் சோதித்தேன், இவர் தகுதியுடையவர்” என்று ஓர் அரசாங்கம் கையெழுத்திட்டுக் கொடுக்கிறது. ஆகவே, அயல்நாட்டு உரிமத்தை நம்புகிறவன், அதைக் கொண்டு வந்தவனை நம்பவில்லை, கையெழுத்திட்டவனை நம்புகிறான். அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதே கேள்வி.

விமானத் துறையில் இந்த மதிப்பை உண்டாக்க உலக நாடுகள் பெருமுயற்சி செய்தன. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944ஆம் ஆண்டின் இறுதியில், ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் அமெரிக்காவில் சிகாகோ நகரில் கூடினார்கள். டிசம்பர் 7ஆம் நாள் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 33ஆம் பிரிவு, விமானம் பதிவாகியுள்ள நாடு விமானிக்கு அளித்த உரிமத்தை மற்ற நாடுகளும் செல்லுபடியானதாக ஏற்க வேண்டும் என்று கூறுகிறது. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: உரிமம் அளிப்பதற்கு அந்நாடு வைத்திருக்கும் தேவைகள், எல்லோரும் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவுக்குத் தாழாமல் இருக்க வேண்டும். அந்த அளவுகளை வகுக்க 1947இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் செயற்படத் தொடங்கிற்று. கனடாவின் மான்ட்ரீல் நகரில் அதன் தலைமையகம் இருக்கிறது. இன்று 193 நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன. பெரிய பயணி விமானத்தின் தலைமை விமானிக்குரிய உரிமம் பெற 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் இவ்வாறு வந்தவையே.

எனினும் சிகாகோவில் கூடியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. தன் குடிமகன் ஒருவன் வேறு நாட்டில் உரிமம் வாங்கி வந்தால், தன் நிலப்பரப்பின் மேல் பறப்பதற்கு அதை ஏற்க மறுக்கும் உரிமையை ஒவ்வொரு நாடும் தன்னிடமே வைத்துக்கொண்டது. நம் நாட்டில் பதிவான விமானத்தை அயல்நாட்டு உரிமத்தோடு ஒருவர் ஓட்ட வேண்டுமானால், நம் விமானத் துறைத் தலைமை இயக்ககத்தின் அனுமதி வேண்டும். அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயின்று உரிமம் பெற்றுத் திரும்பும் நம் இளைஞர்கள், விமானச் சட்டம், வானிலை, வழிகாணல் ஆகிய பாடங்களில் இங்கே மீண்டும் தேர்வு எழுதித்தான் இந்திய உரிமம் பெறுகிறார்கள். நம்பிக்கைக்கு எல்லை கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது பொருள்.

இந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய பொருள் என்பதை நம் நாட்டு வானிலேயே ஒரு மாலைப்பொழுது காட்டிற்று. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், டில்லியிலிருந்து ஒரு சவூதி விமானம் புறப்பட்டது. அதில் வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த இந்தியர் பலர் இருந்தனர். எதிரே கஜகஸ்தான் விமானம் ஒன்று டில்லியை நோக்கி இறங்கி வந்தது. சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும் என்பதும், கஜகஸ்தான் விமானம் 15,000 அடிக்குக் கீழே வரக்கூடாது என்பதும் தரையிலிருந்து இடப்பட்ட கட்டளைகள். கஜகஸ்தான் விமானம் அந்த அளவைக் கடந்து கீழே இறங்கிற்று. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேலே இரண்டும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். விசாரணை நடத்தியவர்கள், கஜகஸ்தான் விமானத்தார்க்கு ஆங்கில அறிவு போதாமல் இருந்ததையும் ஒரு குறையாகச் சுட்டினார்கள்.

சவூதி விமானத்தில் இருந்தவர்கள் யாரை நம்பி ஏறினார்கள்? தம் விமானியை நம்பினார்கள். அவர் கட்டளைப்படியே நடந்தார். ஆனால் அவர்கள் அறியாமலே மற்றொருவரையும் நம்பியிருந்தார்கள். எதிரே வரும் விமானத்தின் விமானி, எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவரால் நன்றாகச் சோதிக்கப்பட்டவர் என்று நம்பியிருந்தார்கள். வானத்தில் பறப்பவன் எல்லா நாட்டு உரிமங்களையும் ஒருங்கே நம்பித்தான் பறக்கிறான்.

இத்தகைய விபத்துகளுக்குப் பின் அந்தச் சர்வதேச நிறுவனம் மொழித் தேர்ச்சிக்கும் அளவு வகுத்தது. ஆறு படிகளில் நான்காவது படியையாவது எட்டாத விமானி சர்வதேச வானில் ஓட்டலாகாது என்ற விதி 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 1999 முதல், உறுப்பு நாடுகள் தம் கடமையைச் சரிவரச் செய்கின்றனவா என்று நேரிற் சென்று தணிக்கை செய்யும் முறையும் இருக்கிறது.

தணிக்கை இருந்தும் கையெழுத்து பொய்த்துப்போவது உண்டு. 2020ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் கராச்சியில் ஒரு பயணி விமானம் வீழ்ந்து, அதில் இருந்த 99 பேரில் 97 பேர் இறந்தனர். அடுத்த மாதம் பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் அது பற்றிப் பேசிய விமானத் துறை அமைச்சர், அந்த விமானிகள் அனுபவமுள்ளவர்கள் என்றே சொன்னார். ஆனால் அதே பேச்சில், தம் நாட்டின் 860 விமானிகளில் 262 பேர் தாமே தேர்வு எழுதவில்லை என்றும், அவர்களுடைய உரிமங்கள் ஐயத்துக்குரியவை என்றும் அறிவித்தார். உலகம் திடுக்கிட்டது. பல நாடுகளில் வேலை செய்த பாகிஸ்தான் விமானிகள் இருக்கையிலிருந்து எழுப்பப்பட்டனர். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் பாகிஸ்தானின் தேசிய விமான நிறுவனத்துக்குத் தந்திருந்த அனுமதியை 2020 ஜூலையில் நிறுத்திற்று. அத்தடை நீங்க 2024 நவம்பர் ஆயிற்று. விசாரணையின்பின் இரத்துச் செய்யப்பட்ட உரிமங்களோ ஐம்பது அளவிலேயே இருந்தன. குற்றமற்ற மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தம் உரிமத்தில் எந்த முத்திரை இருந்ததோ, அதே முத்திரை பொய்யான உரிமங்களிலும் இருந்தது. அவ்வளவே அவர்கள் குற்றம்.

இதை அயலார் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. 2011ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் சிலர் பிடிபட்டனர். 2014 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறை, நம் அரசாங்கத்தின் மேற்பார்வை போதாது என்று கருதி, நம் நாட்டை ஒரு படி கீழே இறக்கிற்று. நம் அதிகாரிகள் குறைகளைத் திருத்திய பின், 2015 ஏப்ரலில் பழைய இடம் மீண்டது. அன்று நமக்குக் கசப்பாக இருந்தாலும், அதனால் நம் முத்திரை வலுப்பெற்றது என்பதை மறுக்க முடியாது.

இனித் தரைக்கு வருவோம். மோட்டார் வண்டிக்கும் உடன்படிக்கைகள் உண்டு. 1909இல் பாரிஸிலும், 1949இல் ஜெனீவாவிலும், 1968இல் வியன்னாவிலும் அவை எழுதப்பட்டன. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்று நாம் வாங்கிச் செல்லும் சிறு புத்தகம் அவற்றின் வழியாக வந்தது. அது தனி உரிமம் அன்று. நம் உரிமத்தின் மொழிபெயர்ப்பே. சுற்றுலாவாகச் செல்பவர் சில காலம் வண்டி ஓட்ட அது உதவும். குடியேறி வேலை செய்பவருக்கு உதவாது.

விமானத் துறைபோல இங்கே நாட்டுக்கு நாடு சென்று தணிக்கை செய்வார் இல்லை. ஒரு நாட்டில் எளிய தேர்வு, மற்றொரு நாட்டில் கடிய தேர்வு. ஜப்பானில் அயல்நாட்டு உரிமத்தை மாற்றிக்கொள்ள வருபவரிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, ஏழுக்குச் சரியான விடை சொன்னால் போதும் என்று வைத்திருந்தார்கள். 2025 அக்டோபர் முதல் ஐம்பது கேள்விகள், நாற்பத்தைந்துக்கு விடை என்று கடுமையாக்கிவிட்டார்கள். ஒருவரையொருவர் நம்ப முடிவு செய்த ஐரோப்பிய நாடுகளிலும் சங்கடம் எழுந்தது. குடித்துவிட்டு ஓட்டித் தம் நாட்டில் உரிமத்தைப் பறிகொடுத்த ஜெர்மானியர் சிலர், பக்கத்துச் செக் நாட்டுக்குப் போய்ப் புதிய உரிமம் வாங்கி வந்தனர். அந்த ஓட்டையை அடைக்க 2006ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. சிகாகோவில் 1944லேயே வைத்த அந்த எல்லைக்குரிய காரணம் இப்போது நமக்கு விளங்குகிறது.

இப்போது நம் லாரி ஓட்டுநரிடம் திரும்புவோம். இங்கே இடப்புறம் ஓட்டியவர் அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும். ஆகவே புதிய தேர்வு நியாயந்தானே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் இடப்புறந்தான் ஓட்டுகிறார்கள். அந்நாடுகளின் உரிமத்தை ஐக்கிய அரபு நாட்டில் தேர்வின்றியே மாற்றித் தருகிறார்கள். ஆகவே சாலையின் பக்கம் காரணம் அன்று. அந்தக் கையெழுத்துகளை நம்புகிறார்கள். நம் கையெழுத்தை அவ்வளவாக நம்பவில்லை.

இதைக் கேட்டு நாம் கோபப்படலாம். கோபப்படுமுன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். டில்லியில் உரிமம் பெற முயன்ற 822 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியாயிற்று. உரிமம் பெற்றவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஏழு பேர் அதிகாரியின் முன் வண்டி ஓட்டிக் காட்டவே இல்லை என்று அது கண்டது. ஆய்வாளர்கள் தனியே ஒரு தேர்வு வைத்தபோது, உரிமம் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதில் தேறவில்லை. தரகருக்குப் பணம் கொடுத்தால் லைசென்ஸ் வீடு தேடி வரும் என்பதை நாமே வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறோம் அல்லவா? அந்த வேடிக்கையின் விலையை, இருபது ஆண்டு நேர்மையாக வண்டி ஓட்டிய நாமக்கல்காரர் அயல்நாட்டில் கட்டுகிறார். அவருடைய கைத்திறனில் குறை ஒன்றும் இல்லை. அவர் உரிமத்தில் உள்ள முத்திரையே, ஓட்டிக் காட்டாமல் வாங்கியவன் உரிமத்திலும் இருக்கிறது.

புதிய கருவிகள் ஓரளவு உதவும். 2022இல் நம் அரசாங்கம் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு ஒரே வடிவம் வகுத்து, உரிமத்தைச் சரிபார்க்கும் குறியீட்டையும் அதில் அச்சிட ஏற்பாடு செய்தது. 2025 பிப்ரவரியில் விமானிகளுக்கு மின்னணு உரிமம் அறிமுகமாயிற்று. சீனாவுக்கு அடுத்து அதைச் செய்த நாடு இந்தியா. உரிமம் போலியா, உண்மையா என்பதை இனி எந்த நாட்டு அதிகாரியும் எளிதில் அறியலாம். ஆனால் அந்த உரிமத்தை அளித்த நாளில் தேர்வு ஒழுங்காக நடந்ததா என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது. அதைத் தேர்வு நடத்தியவரின் மனச்சாட்சிதான் சொல்ல வேண்டும்.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். முதலில் ஆராய வேண்டும், பிறகே நம்ப வேண்டும் என்னும் முறையை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. நாடுகளுக்கும் அதுவே முறை. அயல்நாட்டான் என்பதற்காகவே ஒருவரை ஐயுறுவதும் தகாது. முத்திரை இருக்கிறது என்பதற்காகவே நம்பிவிடுவதும் தகாது. முத்திரைக்குப் பின்னால் நடந்த தேர்வைப் பார்க்க இடம் கேட்பதும், நம் தேர்வை மற்றவர்கள் பார்க்க இடம் கொடுப்பதும் நட்புக்கு மாறானவை அல்ல.

நாளைக் காலையில் நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்தில் ஓர் இளைஞன் வண்டியோடு வந்து நிற்பான். பின்னோக்கி ஓட்டும்போது கம்பத்தில் இடித்துவிடுவான். அதிகாரி, “இன்னும் பழகிக்கொண்டு அடுத்த மாதம் வா, தம்பி” என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்தத் தம்பிக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அதிகாரி, துபாயில் தேர்வுக்காகக் காத்து நிற்கும் நம் லாரி ஓட்டுநருக்கு, தாம் அறியாமலே ஒரு நன்மை செய்தவராவார்.