ஆஸ்பத்திரி வாயிதாவும் கூலிக்காரனின் நாளும்

(சேத்தியாத்தோப்பில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியும் மனைப்பட்டாவைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். வெளியூருக்கு வைத்தியத்துக்குப் போய் வருகிறோமே, அதைப் பற்றி. இது சங்கத்தில் பேசுகிற விஷயமா என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் பார்த்தால் தெரியும்.

2025-26ம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதையே அளவாக வைத்துக்கொள்வோம். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளி தனியாகப் போவதில்லை. துணைக்கு ஒருவர் வேண்டும். விடியற்காலை வரிசைக்காக முதல் நாளே கிளம்பினால் இரண்டு பேருக்கும் இரண்டு நாள் வேலை போயிற்று. நாலு நாள் கூலி, 1,344 ரூபாய். ரத்தம் கொடுக்க ஒரு நடை, ஸ்கேனுக்கு ஒரு நடை, ரிசல்ட் வாங்க ஒரு நடை, டாக்டரைப் பார்க்க ஒரு நடை என்று நாலு நடை நடந்தால் 5,376 ரூபாய். பஸ் சார்ஜும் சாப்பாடும் இதில் சேரவில்லை. 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்லதுதான். ஆனால் வடலூர், கடலூர் தாண்டிப் புதுச்சேரி போகிற பஸ் டவுன் பஸ் அல்லவே!

நமக்குத் தெரிந்த ஓர் அம்மாள் மார்பில் கட்டி என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சொன்ன தேதியில் போனார், ரிசல்ட் வரவில்லை. மறுபடி போனார், ரிசல்ட் இருந்தது, பார்க்க வேண்டிய டாக்டருக்கு அன்று அந்தப் பிரிவில் முறை இல்லை. மூன்றாவது தேதி தை அறுப்பில் வந்து விழுந்தது. வருஷத்தில் கூலி நிச்சயமாகக் கிடைக்கும் நாட்கள் அவைதான். "அறுப்பு முடியட்டும்" என்றார். பங்குனியில்தான் போனார். முதலில் சொன்ன வைத்தியம் இனிப் போதாது என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு, ஜனங்களுக்கு விழிப்பு இல்லை என்று பேசுகிற கனவான்கள் இருக்கிறார்கள். இரண்டு தடவை கூலியை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவளிடம் போய் விழிப்பைப் பற்றிப் பேசட்டும்!

எல்லாத் தேதிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பது நடவாத காரியமா? நடக்கிறது, தோழர்களே. சென்னையில் உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. வருமுன்பே அவர்களுடைய பழைய ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்க்கிறார்கள். விமான நிலையத்துக்கு வண்டி போகிறது. காலையில் ரத்தம், பதினொரு மணிக்கு ஸ்கேன், மத்தியானம் டாக்டர் என்று வரிசையாக எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். ஆகவே இது வித்தை தெரியாத குறையல்ல. பணமுள்ளவனுடைய நேரத்துக்கு மதிப்பு உண்டு, கூலிக்காரனுடைய நேரத்துக்கு மதிப்பு இல்லை என்ற வர்க்க நியாயம்தான் இதில் இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்றும் நான் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் வந்தவர்கள் அங்கே லாட்ஜுகளில் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வங்கதேசத்துக்காரருக்கு ஆஸ்பத்திரித் தேதி மட்டும் போதாது. விசாத் தேதியும் ஒத்து வர வேண்டும். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்தியா விசா கொடுப்பதை வெகுவாகக் குறைத்தபோது, மறு பரிசோதனைக்கு வர வேண்டிய எத்தனையோ நோயாளிகள் தவித்தார்கள். தேசம் வேறு, பாஷை வேறு, தவிப்பு ஒன்றுதான்.

ஜிப்மர் விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழி வந்தது அது. 2008ம் வருஷத்துச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம். அங்கே உள்ள டாக்டர்களையும் நர்ஸுகளையும் நான் குறை சொல்லவில்லை; அவர்கள் முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 2024 ஜனவரி 22ந் தேதி அயோத்தி கோவில் வைபவத்துக்காக மத்தியானம் இரண்டரை மணி வரை விடுமுறை என்று நிர்வாகம் அறிவித்ததே, அவசர சிகிச்சை மட்டும் நடக்கும் என்று! வழக்கு ஹைக்கோர்ட்டு வரை போயிற்று, கோர்ட்டு தலையிடவில்லை. டில்லி எய்ம்ஸும் முதலில் அதே மாதிரி அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டது. மாதக்கணக்கில் காத்திருந்து அந்தத் தேதியை வாங்கினவனின் நாளை எவ்வளவு சுலபமாக எடுத்துவிடுகிறார்கள், பாருங்கள்.

சரி, போராடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த வாரமே புறப்படுகிறவர் என்ன செய்வது?

புறப்படுமுன் பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். சர்க்கரை, சிறுநீர், எக்ஸ்ரே போன்றவை இங்கேயே முடிந்தால் முடித்துக்கொண்டு ரிப்போர்ட்டோடு போங்கள். புது நோயாளியை எந்தப் பிரிவில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று போனில் கேளுங்கள். ஜிப்மர் மத்திய சர்க்காருடையது. அதன் விடுமுறைப் பட்டியல் வேறு, நம் மாநிலத்துப் பட்டியல் வேறு. இதைத் தெரியாமல் போய்ப் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினவர்கள் உண்டு.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். வடலூர் பஸ் ஸ்டாண்டில் குடிக்கிற ஒரு டீ அன்றைய நாளையே கெடுத்துவிடும். பட்டினியாக இருக்கும் அன்று சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டாக்டர் அடுத்த தேதி எழுதும்போதே வாய்திறந்து சொல்வது. "ஐயா, நாங்கள் சேத்தியாத்தோப்பு. கூலி வேலை. ஸ்கேனையும் உங்களைப் பார்ப்பதையும் ஒரே நாளில் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். வெளியே வந்து வராந்தாவில் புலம்பிப் பயனில்லை. சதைப் பரிசோதனை என்றால் ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். கண் புரை, குடலிறக்கம் போன்ற ஆபரேஷன்களை, டாக்டர் சம்மதித்தால், அறுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கட்டி, ரத்தப்போக்கு, நெஞ்சுவலி இவற்றுக்கு அறுப்பும் இல்லை, கரும்பு வெட்டும் இல்லை.

விருத்தாசலத்தில் ரயிலேறி அடையாறு கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954ல் உண்டானது அது. கதிர் வைத்தியம் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் நடக்கும். தினம் ஊருக்கு வந்து போக முடியாது. தங்குமிடத்தை முதல் நாளே விசாரியுங்கள். புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் படிவம் கேட்டு வாங்குங்கள்.

இனி நம் கோரிக்கை. வெளியூர் நோயாளிகளுக்குத் தேதிகளைச் சேர்த்துக் கொடுக்க ஒவ்வொரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் தனி மேஜை வேண்டும். அதைவிட முக்கியம், பெரிய வைத்தியம் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். 2013லேயே பல்கலைக்கழகம் சர்க்கார் கைக்கு வந்தும் தனியார் கல்லூரி மாதிரியே கட்டணம் வாங்கினார்கள். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கி வாரக்கணக்கில் நின்றார்கள். ஹாஸ்டலைப் பூட்டினாலும் கலையவில்லை. 2021 ஜனவரியில் அதைச் சுகாதார இலாகாவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. இன்று அது கடலூர் ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரி. நமக்குப் புவனகிரி வழியாக ஒரே பஸ். அங்கே எல்லாப் பிரிவும் இயங்கினால் நம்மில் எத்தனை பேர் புதுச்சேரிப் பயணத்தை விடலாம்!

கடைசியாக, சங்க ஆபீசில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். யார், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்பது மட்டும் எழுதினால் போதும். என்ன நோய் என்று எழுத வேண்டியதில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் போவதாயிருந்தால், அதிகம் தளராதவர்களுக்கு ஒரே துணை போதும். மற்ற வீட்டில் ஒரு கூலி மிச்சம். வீண் நடை யாருக்கு நேர்ந்தாலும், எதனால் என்று அதிலேயே எழுதுங்கள். ஜில்லா அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும்போது அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கூடவே வைப்போம். கூட்டம் முடிந்ததும் நோட்டு இந்த மேஜையில்தான் இருக்கும். இந்த மாதம் போகிறவர்கள் இருந்து எழுதிவிட்டுப் போங்கள்.