தாழ்நில வயலை மண்ணிட்டு நிரப்புதல்
(கமக்காரருக்கு ஆற்றிய உரை)



பொரளைச் சந்தியிலிருந்து இராஜகிரியப் பக்கமாக இறங்கிச் செல்வோர், மேட்டுநிலம் முடிந்து சிறிது தொலைவிலே ஒரு நீர்ப்பரப்பைக் காண்பர். அது தியவன்னா ஓயா ஆகும். முன்னாளில் அதன் இருமருங்கும் வயலும் சதுப்புமாகவே கிடந்தன. பழைய கோட்டே இராச்சியத்துக்கு அரணாக நின்றவையும் அச்சதுப்புகளே. அவற்றிற் பல இடங்களில் இன்று வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. மழையோ முன்போலவே பெய்கின்றது. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்தது. 2010 நவம்பரிலே பாராளுமன்ற வளவினுள்ளும் வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியபோது கொலொன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின.

இதற்கும் நம் வயலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஏக்கர் வயலில் அரை அடி உயரத்துக்கு நீர் நின்றால், அது ஏறக்குறைய 6 இலட்சம் லீற்றராகும். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசரில் ஏற்றுவதாயின் அறுபது பவுசர் வேண்டும். அவ்வயலை மண்ணிட்டு உயர்த்தினால் அந்நீர் அடுத்தவர் வயலுக்கே செல்லும். அங்கே பூக்கும் பருவத்து நெல் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்து பதராகும். வரம்போரத்துப் பயற்றையும் கத்தரியும் வேரழுகும். நிரப்பிய மண் வாய்க்காலையும் அடைத்துவிட்டால், மழை ஓய்ந்த பின்னரும் நீர் வடியாது.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பினும் இவ்விதி பொருந்தும். தாழ்நிலமெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடமாயின், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் வேண்டும்.

4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்கு, மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டமாயின், தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான கட்டளைப்படி அதனைச் சுற்றாடற் பரிசீலனைக்கு உட்படுத்தல் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆக்கப்படின், அதுபற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் வெளிவரும். அதன்பின் முப்பது நாளைக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். இவ்வறிக்கையை ஆக்குவோர் திட்டக்காரரிடம் ஊதியம் பெறும் ஆலோசகர்களே. அவர்கள் நேர்மையுடையவராயினும், மாரியில் உங்கள் வாய்க்கால் எப்பக்கம் திரும்பும் என்பதைச் சில நாள் வந்து போகிறவர் எவ்வாறு அறிவார்? அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் நீங்களே. சிலர் காணியைப் பத்து ஏக்கருக்குக் குறைந்த துண்டுகளாகப் பிரித்து இக்கட்டளையைத் தவிர்க்க முயலலாம். நெற்காணியாயின் எத்துணைச் சிறிய துண்டுக்கும் கமநலச் சட்டம் செல்லும் என்பதை அத்தகையோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மலைச்சரிவில் மரக்கறி செய்வோரை 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் தழுவும். அதுபற்றி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்துக் கொள்க.

வயல் தரும் வருவாய் சொற்பம், காணித் தரகர் தரும் விலை பெரிது என்பீர்கள். அது பொய்யன்று, நெல்லை மட்டும் நம்பியிருக்குமாறு உங்களுக்குச் சொல்லவும் நான் வரவில்லை. நீர் தேங்கும் வயலில் வெளிமண் கொண்டுவராது, அவ்விடத்து மண்ணையே வெட்டி மேட்டுப் பாத்தியும் இடையே கானும் அமைத்துக் கீரையும் மரக்கறியும் செய்யலாம். மழைநீரைக் கான்கள் ஏற்கும். நெல்லை விட்டு வேறு பயிர் செய்வதற்கும் அனுமதி வேண்டுமாதலால், உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு முதலிற் கமநல சேவை நிலையத்துக்குச் செல்லுங்கள்.

அயல் வயலில் மண் லொறி வந்து நின்றால், திகதியையும் லொறி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு அன்றைக்கே அந்நிலையத்துக்குச் சென்று, கமக்காரர் அமைப்பின் வழியாக எழுத்தில் முறையிடுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். பத்து லொறி மண்ணை நிறுத்துவது எளிது. நூறு லொறி மண்ணைத் திரும்ப அள்ளுவிப்பதற்குள் அடுத்த போகத்து மழை வந்துவிடும்.